முதல் விமானத்தில் தானே ஏறியவர் - ஏர் கமடோர் மெஹர் சிங்



சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் அன்போடு கேட்டார்கள். விடுதி சாம்பாரைப் பற்றியும், வைவா அன்று காய்ச்சல் வந்த கதைகளைப் பற்றியும் எழுத நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள். என்னைவிட ரசனையாகவும் எழுதுவார்கள். நான் வேறொருவரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அவர் நம் கல்லூரியில் படித்தவர் அல்ல. தமிழரும் அல்ல. ஆனால் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம்ம திருச்சியில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பறந்து, காஷ்மீரில் பறந்து, கடைசியில் ஒரு விமான விபத்திலேயே முப்பத்தாறு வயதில் மறைந்து போனவர். பெயர் ஏர் கமடோர் மெஹர் சிங். விமானப்படையில் இன்றும் அவரை மெஹர் பாபா என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தப் பெயரை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. நான் இருப்பது அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில். ஆவடி பக்கத்தில் இருப்பதால், எங்கள் பகுதியில் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பல பேர் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவர் உண்டு. சரக்கு விமானங்களில் எஞ்சின் பராமரிப்பு வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கப் போகிற சாக்கில் அவர் வீட்டு வாசலில் நின்றால், காபி ஆறும் வரை பேசிக்கொண்டிருப்பார். நான் தொழிற்பேட்டையில் இயந்திரங்களோடு மாரடிக்கிறவன் என்பது தெரிந்ததும் அவருக்குப் பேச்சில் இன்னும் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது. ஒருநாள் பேச்சுவாக்கில், பழுது பார்த்த விமானத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவன் அதில் ஏறி உட்காரவும் தயாராக இருக்க வேண்டும் என்று சொன்னார். அந்தப் பேச்சில்தான் மெஹர் பாபா பெயர் வந்தது. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததில் உறுதியானவற்றை மட்டும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

லாயல்பூர் பையன்

மெஹர் சிங் பிறந்தது 1915 மார்ச் 20-ஆம் தேதி, பஞ்சாபின் லாயல்பூர் மாவட்டத்தில். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. ஊரின் பெயரும் ஃபைசலாபாத் என்று மாறிவிட்டது. பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தபோதே இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்குத் தேர்வானார். அது 1934. இந்திய விமானப்படை தொடங்கி அப்போது இரண்டே வருஷம்தான் ஆகியிருந்தது (1932 அக்டோபர் 8). அதற்கென்று இருந்தது ஒரே ஒரு ஸ்குவாட்ரன். இந்தியனுக்கு விமானம் ஓட்ட வருமா என்று வெள்ளைக்கார அதிகாரிகளில் பலர் வெளிப்படையாகவே சந்தேகப்பட்ட காலம் அது.

1936-ல் அதிகாரியாகத் திரும்பி வந்து அந்த ஒன்றாம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். சுப்ரதோ முகர்ஜி, 'ஜம்போ' மஜும்தார், பின்னாளில் அர்ஜன் சிங் என்று பிற்காலத்தில் பெரிய பெயர் எடுத்த எல்லோரும் பழகிய பட்டறை அதுதான். அவர்களுக்குக் கொடுத்திருந்தது வாபிட்டி என்ற இரட்டை இறக்கை விமானம். விமானி உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது. வேலை வடமேற்கு எல்லையில், வசீரிஸ்தான் மலைகளில். அங்கே விமானம் பள்ளத்தாக்குக்குள் பறக்கும்போது, மலை உச்சியில் இருக்கிறவன் கீழ்நோக்கிச் சுடுவான். நம்ம ஊரில் யாருக்கும் கற்பனையில்கூட வராத சங்கடம் இது.

அப்படி ஒருமுறை மெஹர் சிங்கின் விமானம் சுடப்பட்டது. எதிரிகள் நடமாடும் மலைப்பகுதியிலேயே அதை எப்படியோ இறக்கினார். தானும், கூட வந்த துப்பாக்கி வீரரும் ஒளிந்திருந்து, இருட்டிய பிறகு நடந்து, நம் தரப்பு ராணுவக் காவல் நிலையத்தைப் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வந்தவர் மறுபடி விமானத்தில் ஏறிவிட்டார். மாதக் கணக்கில் அங்கே இருந்தவர்களிலேயே அதிக மணி நேரம் பறந்தவர்களில் அவரும் ஒருவர்.

திருச்சியில் பிறந்த ஸ்குவாட்ரன்

இப்போது நம்ம பக்கம் வருவோம். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. அதே மாதம் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்து போன கதையை நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த வருஷத்தின் கடைசியில், 1942 டிசம்பர் 1-ஆம் தேதி, திருச்சியில் இந்திய விமானப்படையின் ஆறாம் ஸ்குவாட்ரன் உருவாக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் மெஹர் சிங். வயது இருபத்தேழு.

அவர்களுக்குக் கிடைத்தது ஹரிக்கேன் விமானம். சண்டை போடுவதைவிட முக்கியமான வேலை ஒன்றை அவர்களிடம் கொடுத்தார்கள்: எதிரியின் பகுதிக்கு மேலே தாழப் பறந்து, கண்ணால் பார்த்து, கேமராவில் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருவது. இரண்டு இரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் தரையைப் பார்ப்பார். இன்னொருவர் பின்னால் வளைந்து வளைந்து பறந்து, ஜப்பானிய விமானம் வருகிறதா என்று வானத்தைப் பார்ப்பார். முன்னால் போகிறவரின் உயிர் பின்னால் வருகிறவரின் கண்ணில் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் தலைவர் மட்டும் மேஜையில் உட்கார்ந்திருக்க முடியாது. மெஹர் சிங் உட்காரவும் இல்லை. புதிதாக வந்த விமானிகளோடு தானே பறந்து, தொழிலைக் கற்றுக்கொடுத்தார்.

1943 நவம்பரில் இந்த ஸ்குவாட்ரன் பர்மா எல்லைக்கு அருகில், காக்ஸ் பஜார் பகுதிக்குப் போனது. அரக்கான் போர்முனை. காடு, மலை, சேறு. தரையில் இருக்கும் ராணுவத்துக்கு அடுத்த மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதைப் பார்த்துச் சொல்வது இவர்கள்தான். அதனாலேயே பதினான்காம் படையின் கண்கள் என்று ஆறாம் ஸ்குவாட்ரனுக்குப் பெயர் வந்தது. அந்தப் படையின் தலைவர் ஜெனரல் ஸ்லிம், பின்னாளில் எழுதிய போர் நினைவு நூலில், இளம் சீக்கியர் ஒருவர் நடத்திய இந்திய ஸ்குவாட்ரனைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார். அந்தப் பாராட்டுக்கு விலையும் இருந்தது. பயிற்சியிலிருந்து கூடவே வந்த இளம் விமானிகள் சிலரை ஸ்குவாட்ரன் அங்கே பறிகொடுத்தது.

1944-ல் மெஹர் சிங்குக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. இந்திய விமானப்படையில் அந்த விருதைப் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

அரக்கானில் நடந்த இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1944 பிப்ரவரியில் ஏழாவது இந்திய டிவிஷனை ஜப்பானியர்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் சுற்றி வளைத்தால் பின்வாங்குவதுதான் வழக்கம். இந்தமுறை பின்வாங்கவில்லை. அரிசி, தோட்டா, மருந்து எல்லாம் டக்கோட்டா சரக்கு விமானங்களிலிருந்து பாராசூட்டில் வந்து விழுந்தன. இரண்டு மூன்று வாரத்தில் முற்றுகை உடைந்தது. வானத்தில் வழி இருந்தால், சாலை அடைபட்ட ஊரையும் காப்பாற்றலாம் என்பது அந்தப் போர்முனையில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. மெஹர் சிங் அந்தப் போர்முனையில் இருந்தவர். நான்கு வருஷம் கழித்து அந்தப் பாடம் காஷ்மீரில் தேவைப்பட்டது.

பூஞ்ச்

1947-ல் நாடு பிரிந்தது. லாயல்பூர் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அக்டோபர் 27-ஆம் தேதி டக்கோட்டாக்கள் இந்தியப் படையை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியதைப் பள்ளியில் படித்திருப்போம். அதன்பின் ஜம்மு காஷ்மீரில் விமானப்படை நடவடிக்கைகளுக்கான குழுவின் பொறுப்பு மெஹர் சிங்கிடம் வந்தது. ஏர் கமடோர் பதவி. வயது முப்பத்திரண்டு. நம்மில் பலர் முப்பத்திரண்டு வயதில் வீட்டுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம் என்பதை ஞாபகப்படுத்திக் கொள்ளலாம்.

பூஞ்ச் நகரம் நான்கு பக்கமும் முற்றுகையிடப்பட்டிருந்தது. உள்ளே பிரிதம் சிங் தலைமையில் ஒரு சிறு படை; கூடவே பல்லாயிரம் அகதிகள். சாலை இல்லை. சுற்றியுள்ள மலைகள் எதிரியின் கையில். உள்ளே இருந்த சிப்பாய்களும் அகதிகளும் சேர்ந்து, மண்வெட்டியும் கூடையுமாக ஒரு ஓடுதளத்தைச் சமன் செய்தார்கள். அதை ஓடுதளம் என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். நீளம் போதாது, சுற்றிலும் ஓடைகள், மேலே மலை.

அங்கே விமானம் இறங்குமா என்பதுதான் கேள்வி. காகிதத்தில் கணக்குப் போட்டால் விடை சாதகமாக வராது. மெஹர் சிங் தன் விமானிகளில் ஒருவரை அனுப்பிப் பார்க்கவில்லை. 1947 டிசம்பரில் தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்கினார். இறங்கலாம், எந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும், எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்பதை உடம்பால் தெரிந்துகொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். தினமும் டக்கோட்டாக்கள் உணவும் தோட்டாவும் கொண்டு போயின. திரும்பும்போது காயப்பட்டவர்களையும் அகதிகளையும் ஏற்றி வந்தன.

எதிரி பீரங்கி கொண்டுவந்து ஓடுதளத்தின் மேல் குண்டு போட ஆரம்பித்தான். பகலில் இறங்குவது தற்கொலைக்குச் சமம் ஆனது. பதில் சொல்ல பூஞ்ச்சுக்குள் பெரிய பீரங்கி வேண்டும். 25 பவுண்டர் என்ற பீரங்கியின் எடை ஒன்றரை டன்னுக்கும் மேல். அதை டக்கோட்டாவுக்குள் ஏற்றி, ராத்திரியில், ஓடுதளத்தில் வைத்த எண்ணெய் விளக்குகளின் வெளிச்சத்தை மட்டும் நம்பி 1948-ல் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்த ராத்திரிப் பயணத்திலும் மெஹர் சிங் முன்னால் போனார். பூஞ்ச் ஒரு வருஷம் தாக்குப் பிடித்தது. 1948 நவம்பரில் தரைவழிப் படை வந்து சேரும்வரை அந்த ஊரின் தொப்புள்கொடி அந்த மண் ஓடுதளம்தான்.

சண்டை விமானம் போய்ச் சேர முடியாத இடங்களில் டக்கோட்டாவின் பக்கவாட்டுக் கதவு வழியாகக் குண்டுகளை உருட்டித் தள்ளியதும் அந்தக் காலத்தில்தான். சரக்கு வண்டியைப் போர் விமானம் ஆக்கிய கதை. இருப்பதை வைத்துக் காரியத்தை முடிப்பது என்று நம்ம பட்டறைகளில் சொல்கிறோமே, அதுதான்.

லே: ஒரு பொறியாளர் போட்ட கோடு

என்னைப் பொறுத்தவரை இந்த வாழ்க்கையின் உச்சம் லேயில் இறங்கியதுதான். 1948 மே மாதத்தில் கார்கில் கைவிட்டுப் போயிற்று. அடுத்து லடாக்கின் தலைநகரான லே. அங்கே இருந்த காவல் படை மிகச் சிறியது. சாலை வழியாக உதவி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆனால் லேயில் ஓர் ஓடுதளம் தயாராக இருந்தது. அதைப் போட்டவர் சோனம் நோர்பு என்ற லடாக்கிப் பொறியாளர். உறைபனிக் காலத்தில் சோஜி லா கணவாயைக் கால்நடையாகக் கடந்து போன சிறு படையோடு சேர்ந்து போய், உள்ளூர் மக்களை வைத்துக்கொண்டு சில வாரங்களில் சிந்து நதிக்கரை மணலில் அந்த ஓடுதளத்தைச் சமன் செய்தவர். புல்டோசர் இல்லை, ரோலர் இல்லை. சிவில் துறை நண்பர்கள் இந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

லேயில் ஓடுதளம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 10,000 அடிக்கு மேல். அதுவரை அங்கே விமானம் இறங்கியதே இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தம்பி தங்கைகளுக்கு ஒரு சின்னக் கணக்கில் சொல்கிறேன். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் சுமார் 72 சதவீதம். இறக்கைக்கு அதே தூக்குவிசை வேண்டுமென்றால் விமானம் வேகமாகப் போக வேண்டும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 1-ஐ 0.72-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 1.18. அதாவது சென்னையில் இறங்குவதைவிட 18 சதவீதம் கூடுதல் வேகத்தில் சக்கரம் தரையைத் தொடும். பிரேக் தின்ன வேண்டிய ஆற்றலும் வேகத்தின் வர்க்கம்தான்; அது ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடும். இறங்குவது சிமெண்ட் தளத்தில் இல்லை, மணலில்.

இனி எஞ்சின். டக்கோட்டாவுக்கு இரண்டு பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள், பதினான்கு சிலிண்டர், புறப்படும்போது தலா 1,200 குதிரைத்திறன். அது தரைமட்டத்துக் கணக்கு. மேலே போகப் போக அந்தக் குதிரைகள் மூச்சு வாங்கும். வழியில் சோஜி லா 11,500 அடிக்கு மேல், ஃபோட்டு லா 13,400 அடிக்கு மேல். இரண்டு பக்கமும் சிகரங்கள் 20,000 அடியை நெருங்கும், தாண்டும். ஓர் எஞ்சின் நின்றால் மற்ற எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டு அந்த உயரத்தில் நிற்க முடியாது. உள்ளே காற்றழுத்த வசதி கிடையாது. அந்த வழிக்கு விமானிகளுக்கான நல்ல வரைபடமும் கிடையாது.

1948 மே 24-ஆம் தேதி மெஹர் சிங் டக்கோட்டாவை எடுத்தார். அவருடன் ஏறியவர் மேஜர் ஜெனரல் திம்மய்யா, அந்தப் பகுதிப் படையின் தலைவர். தன் சிப்பாய்களை அந்த விமானங்களில் அனுப்பப் போகிறவர் அவர். அதனால் முதல் பயணத்தில் அவரும் ஏறினார். அனுப்புகிறவர்கள் இரண்டு பேருமே முதல் வண்டியில். கணவாய்களைத் தாண்டி, சிந்து நதியைப் பிடித்து, அந்த மணல் தளத்தில் இறங்கினார்கள். பத்திரமாகத் திரும்பியும் வந்தார்கள். பிறகு வீரர்களை ஏற்றிய விமானங்கள் அதே தடத்தில் தொடர்ந்து போயின. லே காப்பாற்றப்பட்டது.

அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி சோஜி லாவைத் தரைவழியாகக் கைப்பற்ற டாங்குகள் ஏறின. அந்த டாங்குகள் போகத் தடம் போட்டுக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ், நம்ம தென்னாட்டுப் பொறியியல் படை. மேலே ஆகாயத்தில் ஒரு வழி, கீழே மலையில் ஒரு வழி. கீழ்வழியில் நம்மவர்கள் வியர்வையும் இருந்தது என்பதில் ஒரு தனிச் சந்தோஷம்.

பதவி விலகலும் முடிவும்

இவ்வளவு செய்தவர் போர் முடியும்போது சீருடையில் இல்லை. மேலிடத்தோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1948 செப்டம்பரில் பதவி விலகினார். போர் நிறுத்தம் வந்தது 1949 ஜனவரி 1-ல். மகாவீர் சக்ரா விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் விமானப்படையை விட்டுப் போயிருந்தார்.

ஒரு நிறுவனத்தில் முதலில் ஆபத்தில் இறங்குகிறவருக்கும், கோப்புகளை வைத்து நிர்வாகம் செய்கிறவர்களுக்கும் ஒத்துப்போகாமல் இருப்பது புதிதில்லை. நம்மில் பலர் இதை அலுவலகத்தில் சின்ன அளவில் பார்த்திருக்கிறோம். யார் பக்கம் நியாயம் என்று இத்தனை வருஷம் கழித்து நாம் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. ஆனால் அவர் போனதில் நஷ்டம் விமானப்படைக்கும் இருந்தது, அவருக்கும் இருந்தது.

பதவியை விட்டாலும் பறப்பதை விடவில்லை. 1952 மார்ச் மாதத்தில் ஒரு ராத்திரி ஜம்முவிலிருந்து டெல்லிக்கு விமானம் ஓட்டி வந்துகொண்டிருந்தார். வழியில் கடுமையான புயல் பிடித்துக்கொண்டது. விமானம் விழுந்தது. முப்பத்தேழாவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தன. வசீரிஸ்தான் துப்பாக்கிகளும், அரக்கான் காட்டின் ஜப்பானியர்களும், பூஞ்ச் மலைப் பீரங்கிகளும் செய்ய முடியாததை, தாய்நாட்டுக்குள் பறந்த சாதாரணப் பயணத்தில் ஒரு புயல் செய்துவிட்டது.

பெயர் தெரியாதவர்கள்

சண்டை விமானத்தின் கதையைச் சினிமாவாக எடுக்கிறார்கள். சரக்கு விமானத்துக்கு அந்த யோகம் இல்லை. மெஹர் சிங் திறந்துவைத்த லே வழியில்தான் 1968 பிப்ரவரி 7-ஆம் தேதி விமானப்படையின் ஏ.என்.-12 சரக்கு விமானம் 102 பேரோடு சண்டிகரிலிருந்து போனது. வானிலை சரியில்லாமல் பாதியில் திரும்பியது, பிறகு காணவில்லை. ரோதாங் பக்கத்துப் பனியில் அதன் தடயம் கிடைத்தது 2003-ல். 2024-ல்கூட நான்கு பேரின் உடல்களைப் பனியிலிருந்து எடுத்தார்கள். ஐம்பத்தாறு வருஷம் காத்திருந்த குடும்பங்கள்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. 2016 ஜூலை 22-ஆம் தேதி காலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு வங்காள விரிகுடாவில் மறைந்தது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடந்ததை 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். அதைக் கண்டுபிடித்தது நம்ம பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி. ஏழரை வருஷம் கழித்து, எங்கே என்ற கேள்விக்கு ஒரு பதிலைப் பொறியாளர்களால் கொடுக்க முடிந்தது. உயிரைத் திருப்பித் தர முடியாது. அந்தப் பதிலும் ஒரு மரியாதைதான்.

மெஹர் சிங்கை நினைக்கும்போது இவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அரிசி மூட்டையும் மருந்துப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள், சாலை இல்லாத இடத்துக்குச் சாலையாக இருக்கிறவர்கள்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, விதிகளை மீறுகிறவன்தான் வீரன் என்று யாராவது நினைத்தால் அது சரியில்லை. இன்று ஒரு விமானி பூஞ்ச்சில் நடந்ததுபோல் இறங்கினால் வேலை போகும், போகவும் வேண்டும். விதிகள் எல்லாம் யாரோ ஒருவருடைய விபத்திலிருந்து எழுதப்பட்டவை. மெஹர் சிங்கின் கடைசி ராத்திரியே, மேகத்துக்கு முன்னால் பதவியும் அனுபவமும் எடுபடாது என்பதற்குச் சாட்சி.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. உள்ளே பல்லாயிரம் பேர் பட்டினியில் இருக்கும்போது, விதிப்புத்தகத்தின் எல்லைக்கு அப்பால் ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தது. அந்த முடிவின் எடையை அவர் கீழே இருக்கிறவன் தலையில் வைக்கவில்லை. முதலில் தன் உயிரை வைத்துச் சோதித்தார். முடியும் என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்களை அழைத்தார். வாபிட்டி காலத்திலிருந்து லே வரை இந்த ஒரு வழக்கம் மாறவில்லை.

நாளைக்கு நீங்கள் பாலத்துக்கும் பாய்லருக்கும் லிஃப்டுக்கும் மென்பொருளுக்கும் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். கையெழுத்துப் போடும்முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பாலத்தில் முதல் லாரியில் நான் ஏறுவேனா? இந்த லிஃப்டில் என் அம்மாவை ஏற்றுவேனா? பதில் தயங்கினால் பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். மேலதிகாரி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

விமானப்படை அவரை மறந்துவிடவில்லை என்பது ஓர் ஆறுதல். 2018-ல் பேரிடர் நேரத்தில் உதவக்கூடிய டிரோன் கூட்டங்களை உருவாக்க ஒரு போட்டி அறிவித்தார்கள். அதற்கு மெஹர் பாபா போட்டி என்றே பெயர். சாலை அறுந்துபோன இடத்துக்கு வானத்தில் உதவி அனுப்புவது. இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் அவருக்கு இருக்க முடியாது. 2022-ல் இரண்டாவது சுற்றும் அறிவித்தார்கள். அடுத்த சுற்று வரும்போது நம் கல்லூரியிலிருந்து ஓர் அணி போக வேண்டும் என்பது என் ஆசை. செலவுக்கு முன்னாள் மாணவர் சங்கம் கை கொடுக்கும் என்று நம்புகிறேன். சங்கப் பொருளாளர் இதைப் படிப்பார் என்றும் நம்புகிறேன்!

கடைசியாக ஒன்று. நம்மில் பலர் திருச்சி வழியாகச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள்; வெளிநாட்டு நண்பர்கள் பலர் திருச்சி விமான நிலையத்தில்தான் வந்து இறங்குகிறார்கள். 2024-ல் அங்கே அழகான புதிய முனையம் திறந்திருக்கிறார்கள். அடுத்த முறை அங்கே பெட்டிக்காகக் காத்திருக்கும்போது, 1942 டிசம்பரில் இதே ஊரில் இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர் ஒரு புதிய படையைக் கட்டத் தொடங்கினார் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பெயரையும் சொல்லுங்கள்: மெஹர் சிங்.

 விழாவுக்கு வரும் அனைவரையும் நேரில் சந்திக்கும் ஆவலுடன் விடைபெறுகிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!

- முன்னாள் மாணவன், இயந்திரப் பொறியியல் துறை,
கள்ளிக்குப்பம், அம்பத்தூர்.